உயிரோடு இருப்பவரின் நினைவு மலர்

அன்று பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு தமிழ் அச்சகத்தில் நாங்கள் நான்கு பேர் இருந்தோம்: அச்சக அண்ணை, வியட்நாமியக் கவிஞர், என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த அவருடைய மகள், நான். கவிஞரின் மனைவி இல்லை. மகளைப் பார்க்கப் பாரிஸ் போவதற்கு இருவரும் அரசாங்கத்திடம் கேட்டபோது, அவருக்கு மட்டும் அனுமதி கொடுத்து மனைவியை ஹனோயில் நிறுத்திவிட்டார்கள். கணவர் திரும்பி வருவார் என்பதற்கு அவர்தான் பிணை.

கவிஞரின் கடைசிப் புத்தகத்தைப் பறிமுதல் செய்த பிறகு எந்தப் பதிப்பகமும் அவரைக் கிட்ட எடுக்கவில்லை. வீட்டில் தாள் வைத்திருக்கவும் முடியாது. பொலிஸ்காரர் நினைத்த நேரத்தில் வந்து அலுமாரியைக் கவிழ்ப்பார்களாம். எழுதியதை மனைவி பாடமாக்குவார். பிறகு தாள் அடுப்புக்குள் போய்விடும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். மறக்கக்கூடாததை எழுதி வை என்றுதான் எனக்குச் சொல்லித் தந்தார்கள். இவர்கள் எழுதியதைக் காப்பாற்றுவதற்காக எரித்திருக்கிறார்கள்.

பாரிஸுக்கு வெளியே திரான்சியில், மகளின் குசினியில் அடுப்புக்குப் பக்கத்து மேசையில் இருந்துகொண்டு, நினைவில் நின்றதையெல்லாம் கவிஞர் எழுதி முடித்தார். திரும்பும்போது அதைப் புத்தகமாகக் கொண்டுபோக வேண்டும், மனைவி ஒரு தடவையாவது தாளில் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. எனக்குத் தெரிந்த ஒரே அச்சகத்துக்குக் கூட்டிவந்தேன்.

அச்சடித்து முடிந்த அன்று அண்ணை புத்தகக் கட்டைப் பிரித்தார். அட்டையின் இரு பக்கமும் குத்துவிளக்கு. நடுவே மாலை போட்ட வட்டத்துக்குள் கவிஞரின் இளவயதுப் படம். கீழே தமிழில் ‘தோற்றம்’, ‘மறைவு’. எங்கள் ஆட்கள் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கிற நினைவு மலர்தான். அப்பா பிறந்த ஆண்டையும் கடைசிப் புத்தகம் வந்த ஆண்டையும் மகள் படத்தின் பின்னால் எழுதிக் கொடுத்திருந்தாள். அவைதான் அந்த இரண்டு சொல்லுக்கும் பக்கத்தில் இருந்தன.

“அண்ணை, ஆள் உங்களுக்கு முன்னாலை நிக்கிறார்,” என்றேன்.

அண்ணை படத்தைப் பார்த்தார், கவிஞரைப் பார்த்தார். “இவரே அது? செத்தவரின்ரை தமையனாக்கும் எண்டெல்லோ நினைச்சன். கவிதை, படம், விலை போட வேண்டாம் எண்டியள். இப்பிடி வாறதெல்லாம் செத்தவீட்டுப் புத்தகம்தானே தம்பி.”

அட்டையைக் கிழித்து வேறு போடுகிறேன் என்று அண்ணை கத்தியை எடுத்தார். கவிஞர் தடுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். சிரித்தார்.

“இரண்டாவது ஆண்டு சரிதான். அப்போதுதான் என்னைப் புதைத்தார்கள்,” என்றார் தட்டுத்தடுமாறிய பிரெஞ்சில். “இப்படியே இருக்கட்டும். எங்கள் ஊரில் உயிரோடு இருப்பவன் எழுதினால்தான் அவர்களுக்குப் பயம்.”

“பிடிபட்டால் அம்மாவும் சேர்ந்துதான் அனுபவிக்க வேண்டும்,” என்றாள் மகள்.

“உன் அம்மா கேட்டுத்தான் கொண்டுபோகிறேன்.”

நான் மொழிபெயர்த்ததும் அண்ணை தலையாட்டினார். “பகிடிக்காரன். விளக்குக்கும் மாலைக்கும் நான் காசு எடுக்கேல்லை எண்டு சொல்லு.”

ஹனோய் விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி மிகவும் இளைஞர். அட்டையில் இருந்த புனைபெயரை அவர் கேள்விப்பட்டதே இல்லை. படத்தையும் எதிரே நின்றவரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இறந்தவருக்குத் தம்பியா?”

“ஆமாம், தம்பி.”

இரண்டு பக்கம் புரட்டினார். மூடி, இரு கைகளாலும் பெட்டிக்குள் திருப்பி வைத்தார்.

இதையெல்லாம் சில மாதங்கள் கழித்து, அங்கிருந்து படிக்க வந்த மாணவி ஒருத்தி சொல்லித்தான் அறிந்தோம். கவிஞரின் மனைவி புத்தகத்தை அன்றைக்கே முழுதும் வாசித்து முடித்து, கணவரைத் திட்டினாராம். இரண்டு கவிதைகளில் வரிகள் இல்லை. இன்னொரு கவிதையைக் கவிஞர் அடியோடு மறந்தே போயிருந்தார். விடுபட்டதையெல்லாம் மாணவி பாடமாக்கிக்கொண்டு வந்திருந்தாள். மகளின் குசினியில் நின்றபடி ஒப்பித்தாள், மகள் எழுதினாள். ஒரு சொல்கூட எனக்கு விளங்கவில்லை, எழுந்து போகவும் மனமில்லை.

திருத்திய பதிப்பை அண்ணை வெறும் நீல அட்டையில் போட்டுத் தந்தார். கூலி வேண்டாம் என்றுவிட்டார். இரண்டு தடவைக்கும் தாளும் மையும் சேர்த்து அவர்களுக்குச் செலவானது நானூற்று இருபது யூரோ.