வெயிலில் காட்டிய அருந்ததி

எங்கள் கல்யாண ஆல்பத்தில் ஒரு படம் இருக்கிறது. நானும் அவரும் மண்டபத்து வாசலில் நின்று வானத்தை அண்ணாந்து பார்க்கிறோம். நல்ல வெயில். ஐயர் கை காட்டிய இடத்தில் நீலத்தைத் தவிர ஒன்றுமில்லை.

"அருந்ததி தெரியறாளாம்மா?"

"தெரியுதுங்க" என்றேன். படம் எடுத்தவர் இன்னும் கொஞ்சம் மேலே பார்க்கச் சொன்னார். அதையும் செய்தேன். சொன்னதைச் செய்கிறவள் என்றுதான் எனக்கு எல்லா இடத்திலும் பேர்.

அந்த நட்சத்திரத்தை நிஜமாகத் தேட ஆரம்பித்தது போன மார்கழியில். விடியுமுன் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. தெருவிளக்கோடு விருத்தாசலமே அணைந்துவிட்டது. கோலமாவுக் கிண்ணத்தோடு நிமிர்ந்தேன். என் வீட்டுக்காரர் செராமிக் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சூளையில் கோணலாகிக் கழித்துப்போட்ட கிண்ணம்தான் அது. வடக்கே கரண்டி மாதிரி ஏழு நட்சத்திரம். சப்தரிஷி மண்டலம். பள்ளிக்கூடத்தில் படம் வரைந்து மார்க் வாங்கியிருக்கிறேன், ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. கரண்ட் வரும்வரை அப்படியே நின்றேன். கழுத்து வலித்தது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

போனில் தேடிப் படித்தேன். கரண்டிக் காம்பில் நடுவில் இருப்பது வசிஷ்டர், அவரை ஒட்டி மங்கலாக அருந்ததி. மறுநாள் அலாரத்தை முன்னதாக வைத்து எழுந்து, கோலத்துக்கு முன்பே மாடிக்குப் போனேன். எங்கள் ஊர்க் குளிரைக் குளிர் என்று சொன்னால் வடக்கே இருப்பவர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் சிமெண்ட் தரை பனியில் நனைந்து பாதம் மரத்துப்போனது. வசிஷ்டர் தெரிந்தார். பக்கத்தில் ஒரு புள்ளி இருந்ததா, இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனா, தெரியவில்லை. தினமும் போனேன். தினமும் அதே சந்தேகம்.

நான் தனியாகப் போனவரை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து வயது மகள் ஒருநாள் விழித்துக்கொண்டு, தானும் வருவேன் என்றாள்.

அதற்கு முந்தின குளிர்காலத்தில் அவளுக்கு இளைப்பு வந்து, முகத்தில் மாஸ்க் வைத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அந்த மூச்சுச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அதனால் அன்றைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டரிடம் கேட்டேன். காதை மூடிக் கூட்டிப்போனால் ஒன்றும் ஆகாது என்றார். அதற்குப் பிறகும் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் ஸ்வெட்டர், சாக்ஸ், குல்லா எல்லாம் மாட்டி, அவளைத் தூக்கிக்கொண்டு படியேறப் போனேன். மாமியார் படியடியில் நின்றிருந்தார்.

"புள்ளைய எங்க தூக்கிகினு போற?"

"மாடிக்கு அத்தே. நட்சத்திரம் பாக்க."

"இந்தப் பனியிலயா? ஆஸ்பத்திரியில கெடந்தது மறந்துபோச்சா? நட்சத்திரம் எங்க ஓடப்போவுது? வெயிலு காலம் வந்ததும் பாத்துக்க வேண்டியதுதான?"

"வெயில்ல ஒரு தடவ பாத்தாச்சு அத்தே."

அவருக்குப் புரிந்தது. சிரிப்பில் உதடு லேசாகக் கோணியது. ஆனாலும் வழி விடவில்லை.

"தெனமும் ஈரத் தலையோட கோலம் போடுறேனே, அப்ப எனக்குப் பனி எறங்கலையா?"

"அது சாமி காரியம்."

"இது என் காரியம்."

நான்தான் சொன்னேனா என்று எனக்கே ஆச்சரியம். அவரைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினேன்.

மாடியில் முதலில் வானத்தைப் பார்க்கவில்லை. அவள் மூச்சைத்தான் கேட்டேன். சீராக இருந்தது. கரண்டிக் காம்பைக் காட்டி, நடுவில் எத்தனை தெரிகிறது என்று கேட்டேன். வேறெதுவும் சொல்லவில்லை.

"பெருசு ஒண்ணு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஒட்டிகினு குட்டி ஒண்ணு" என்றாள்.

என் மூக்குக் கண்ணாடியில் மூச்சு படிந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்துவிட்டு, போனில் படித்தபடி நேராகப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்த்தேன். இருந்தது. ஊசி முனை அளவு வெளிச்சம். ஒருதரம் தெரிந்த பிறகு போகவே இல்லை. இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்துக்கொண்டு பார்த்தோம். அவள் மூக்கு சில்லென்றிருந்தது. கீழே பால்காரர் வண்டி போனது. கோல நேரம் தாண்டிவிட்டது என்று தெரிந்தும் நான் இறங்கவில்லை.

படியிறங்கும்போது அவள் ஒருமுறை இருமினாள். மாமியார் என்னைப் பார்த்தார். வெந்நீர் கொடுத்து, அவள் முதுகில் காதை வைத்துக் கேட்டேன். இளைப்பு இல்லை. இன்னொரு முறை கேட்டேன். இல்லை.

"என்னாடி பாத்த?" என்று மாமியார் அவளைக் கேட்டார்.

"ரெண்டு நட்சத்திரம், ஆயா."

"எனக்குந்தான் கல்யாணத்துல காட்டுனாங்க. என்னத்த தெரிஞ்சுது. தெரியுதுன்னு சொல்லிட்டு வந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைக்கு வேணாம், சொல்லிட்டேன்" என்றார்.

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். நன்றாக வெளுத்துவிட்டது. தெருவில் எல்லா வாசலிலும் கோலம் இருந்தது, எங்கள் வாசலைத் தவிர.

"என்னம்மா, ஒடம்பு சரியில்லையா? இவ்ளோ லேட்டு" என்றார் எதிர்வீட்டு அக்கா. ஆமாம் என்று சொல்லியிருந்தால் பேச்சு அத்தோடு முடிந்திருக்கும்.

"நல்லாத்தான் இருக்கேங்க்கா. மாடியில நானும் பொண்ணும் அருந்ததி பாத்துகினு இருந்தோம். நாளைக்கும் லேட்டாத்தான் ஆவும்" என்றேன், உள்ளே இருக்கிற மாமியாருக்கும் கேட்கும்படி.