நெடுந்தீவுப் படகில் முன்னால் நீண்ட கை

எந்த வண்டியில் ஏறினாலும் ஓட்டுநரை ஒட்டி உட்காருவது என் பழக்கம். கனடாவிலிருந்து வரவிருக்கும் அக்கா குடும்பத்தை நெடுந்தீவுக்குக் கூட்டிப்போக வேண்டும். வழி பார்த்துவர, தை மாதச் சனிக்கிழமையொன்றில் வவுனியாவிலிருந்து தனியாகப் போனேன்.

யாழ்ப்பாணத்தில் காலை 6.10க்குப் பேருந்து. குறிகாட்டுவான் இறங்குதுறை ஏறக்குறைய 35 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். எட்டு மணிப் படகில் ஓட்டியைத் தேடினால், மனிதர் கடைசியில் நிற்கிறார்! சுக்கான் பின்புறத்தில் இருப்பதால் அதன் பிடியும் அங்கேயே. இடையில் கம்பியோ சங்கிலியோ இல்லை, அறுந்துபோகவும் ஒன்றுமில்லை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுவிலுள்ள கூரை முன்கடலை மறைத்துவிடுகிறது. அதனால் முன்பலகையில் ஒருவர் இருந்து கையை நீட்டுவார். கை நீளும் பக்கம் படகு திரும்பும்.

பாதி வழியில் புகார் மூடியது, எங்கும் வெண்பனி. முன்னால் இருந்தவர், அடியில் ஏறிய தண்ணீரை இறைக்கக் கீழே இறங்கினார். மற்றவர்களெல்லாம் கூரைக்குள். ஓட்டி பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார்.

“தம்பி, முன்னுக்குப் போய் இரும். ஏதும் தெரிஞ்சா மற்றப் பக்கம் கையைக் காட்டும்.”

“எனக்குப் பழக்கமில்லை அண்ணை.”

“கண் இருக்குத்தானே?”

போய் இருந்தேன். என்ஜின் சத்தம்கூட எங்கோ தொலைவில் கேட்டது. திடீரென்று நேர் எதிரே, படகுப் பாதையைக் காட்டக் கடலில் நட்ட ஒரு கொங்கிறீற்றுத் தூண். கையை நீட்ட வேண்டும். முடியவில்லை. இரண்டு கைகளும் பலகையோரக் கயிற்றைப் பிடித்தபடி விறைத்துவிட்டன. அவ்வளவுதான் என்று நினைத்தபோது படகு இடப்பக்கம் திரும்பியது. தூண் என் வலத்தோளை உரசாத குறையாகக் கடந்துபோனது.

9.10க்கு நெடுந்தீவுத் துறை. ஓட்டி தோளில் தட்டினார்.

“நல்ல நேரத்திலை காட்டினீர். பிந்தியிருந்தா நாப்பது சனமும் தண்ணிக்குள்ளை. உம்மட வெள்ளைச் சட்டைக் கை புகாருக்குள்ளையும் வடிவாத் தெரிஞ்சது.”

நான் போட்டிருந்தது மணிக்கட்டுவரை கருநீல மழைச்சட்டை.

“ஓம் அண்ணை” என்றேன். அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

திரும்பும் படகு 2.30க்கு. வெயில் எறித்தது. முன்பலகையில் இருவர் தாராளமாக இருக்கலாம். வழக்கமாகக் கைகாட்டுபவரோ வலப்பக்க ஓரத்தில் ஒடுங்கி இருந்தார். மற்றப் பாதியில், முகம் துடைக்கும் தன் துவாயைக்கூட வைக்கவில்லை.

“ஏன் அண்ணை ஒதுங்கி இருக்கிறீங்கள்?”

“அங்கை நாங்கள் இருக்கிறேல்லை” என்றார், திரும்பிப் பாராமல்.

காலையில் நானும், ஏனென்று தெரியாமலே, அந்த வலப்பக்க ஓரத்தில்தான் இருந்தேன்.

போகிறவர்களுக்கு: நான் போன நாளில் கட்டணம் 150 ரூபாய். தை மாதமென்றால் புகார் கலைந்தபின் புறப்படும் படகைப் பிடியுங்கள். முன்னால் இருக்கச் சொன்னால், கை நீட்டத் துணிவிருந்தால் மட்டும் போங்கள். இடப்பக்கத்தை விட்டுவிட்டு உட்காருங்கள்.