முத்திரைக்கு முன் நாதஸ்வரம்

ஃபிஜியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிறகு, அந்நாட்டுக் கரும்பாலை ஊரான எங்கள் பினாங்கில் பாதிப் பேர் நியூசிலாந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். சான்றிதழ் நகல்களில் கையெழுத்திட்டு முத்திரை குத்த அங்கே ஒருவர்தான் இருந்தார். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பெரிய காதுகள். யார் பேசினாலும் முதலில் அந்தக் காதுகளைச் சுண்டுவிரலால் குடைந்துகொள்வார்.

நான் போனபோது அவர் மேசைமேல் இரண்டு விலையுயர்ந்த சிடி டிரான்ஸ்போர்ட்கள் இருந்தன. சிடியைச் சுழற்றிப் படிப்பது மட்டுமே அவற்றின் வேலை. அதைப் பாட்டாக்குவது வேறொரு பெட்டி. இரண்டில் ஒன்றைக் கடைக்குத் திருப்பி அனுப்ப வேண்டுமாம்.

"பைட்டோ தம்பி," என்று எங்கள் ஊர் இந்தியில் உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டினார். "முத்திரை அப்புறம். எது நல்லா இருக்கு, சொல்லு."

எனக்கு முன்னால் வந்த அக்கா, "இடது பக்கம் தேன் மாதிரி" என்று சொல்லி உடனே முத்திரை வாங்கிப் போயிருந்தார்.

ஒரே நாதஸ்வர சிடியை இரண்டிலும் மாற்றி மாற்றிப் போட்டார். எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. விசா போய்விடுமோ என்ற பயத்துடனேயே, "ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது அண்ணே," என்றேன்.

காதைக் குடைந்துகொண்டார். பிறகு எல்லா நகல்களிலும் டக்டக்கென்று குத்தினார்.

"உண்மையச் சொல்லிட்டே. ஆனா விசாவுக்கு மெடிக்கல் எடுப்பான். அதுக்குள்ள காத டாக்டர்கிட்ட காட்டிடு."

இரண்டில் எதை வைத்துக்கொண்டாரோ, தெரியாது. அபிப்பிராயம் சொன்ன நாங்கள் எல்லோரும் விமானம் ஏறிவிட்டோம். இப்போது யாரைப் பிடித்து உட்கார வைக்கிறாரோ!