ஒரு பிள்ளை குறைந்த ஜீப்

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் யோசிக்க வரும்.

1. சின்னக்கானலுக்கு மேலே ஒரு எஸ்டேட் பள்ளியின் தமிழ் வகுப்புகளுக்கு மடிக்கணினிகள் வந்தன. அவற்றையும் வைஃபை பெட்டியையும் பொருத்தியது நான்.
2. பிள்ளைகள் நாங்கள் நினைத்ததைவிட வேகமாகக் கற்றுக்கொண்டார்கள்.
3. ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் பெற்றோரை வரவழைத்து, பிள்ளைகளை இங்கிலீஷில் பேச வைத்தார்.
4. பெற்றோருக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.
5. டவுனில் இருக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்ப ஒரு ஜீப் பேசினார்கள்.
6. ஜீப் நிறைவதற்கு ஒரு பிள்ளை குறைந்தது.

ஏழாவதை எழுதுவதற்கு முன் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீடு பாலக்காட்டின் கிழக்குக் கோடியில், தென்னந்தோப்புகளுக்கு நடுவே. பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, கஞ்சிக்கோட்டில் ஒரு சிறிய நிறுவனத்தில் சேர்ந்திருந்தேன். பள்ளிகளில் மடிக்கணினிகளைப் பொருத்துவதும், பழுது வந்தால் போய்ப் பார்ப்பதும் எங்கள் வேலை. மலைப் பள்ளிகளுக்குத் தமிழ் தெரிந்த ஆள் வேண்டும் என்றபோது என்னை அனுப்பினார்கள். சித்திரபுரத்தில் மின்வாரியக் குடியிருப்பில் தெரிந்த குடும்பம் ஒன்றோடு தங்கிக்கொண்டு, தினமும் பஸ்ஸிலும் ஜீப்பிலுமாக மேலே போய்வந்தேன்.

பள்ளியில் மலையாள வகுப்புகளுக்குத் தனிக் கட்டடம். தமிழுக்கு ஓரத்தில் ஒரே நீள அறை. ஐந்தும் ஆறும் ஏழும் அதற்குள்தான், நடுவில் மரத்தட்டி வைத்து மறைத்திருந்தார்கள். மூன்றுக்கும் சேர்த்து ஒரு டீச்சர். என்னைவிடச் சில வயது மூத்தவர். அதே எஸ்டேட்டின் லயத்தில், தொழிலாளர்களின் அந்த வரிசை வீடுகளில், பிறந்தவர். அவருடைய அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தார். டீச்சருக்கு நிரந்தர வேலை இல்லை. தினக்கூலி நியமனம். பிள்ளைகள் குறைந்தால் தமிழ் டிவிஷன், அதாவது தமிழ்ப் பிரிவுக்கான அனுமதி, போய்விடும், அதோடு அவருடைய வேலையும் போய்விடும். வந்த முதல் நாளே தலைமையாசிரியர் இதை என்னிடம் சொல்லிவிட்டார். டீச்சர் சொன்னது வேறு.

"இந்த ரூம்புலதான் தங்கச்சி நானும் படிச்சேன். அந்தக் கடைசி ஜன்னல் பக்கம். நான் இருக்கறப்ப இதப் பூட்டிட்டாங்கன்னா, அதுக்கப்புறம் நான் எந்த வழியா நடந்து வீட்டுக்குப் போறது?"

அவர் வீட்டுக்குப் போகும் பாதை பள்ளியின் வாசலை ஒட்டித்தான் போகிறது.

பிள்ளைகள் என்னை முதல் வாரமே பிடித்துக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் யாரிடமும் மரியாதையாகத்தான் பேசுவோம், குழந்தையாக இருந்தாலும். அது அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

"டீச்சர், இந்தக்கா கம்ப்யூட்டரக்கூட வாங்க போங்கன்னுதான் கூப்பிடுது!"

"ஆமா டீச்சர், நேத்து ஒண்ணு ஆன் ஆகல. 'ஏனுங்க, என்னாச்சுங்க'ன்னு கேட்டுச்சு!"

நான் அப்படிக் கேட்டிருக்கவும் கூடும். அந்த இயந்திரங்கள் குளிரில் எழுந்திருக்க நேரம் எடுத்துக்கொண்டன.

இணையம் அங்கே பெயருக்குத்தான். அவர்கள் 'மஞ்சு' என்று சொல்லும் மூடுபனி இறங்கினாலோ மின்சாரம் போனாலோ வெளித்தொடர்பு அறுந்துவிடும். ஆனால் எங்கள் வைஃபை பெட்டியில் பேட்டரி உண்டு. இணையம் இல்லாவிட்டாலும் கணினிகளுக்குள் ஒன்றோடொன்று பேசவைக்க அது போதும். ஒரு பொதுப் பக்கத்தைப் பெட்டிக்குள்ளேயே வைத்தேன். ஒருவர் எழுதினால் எல்லோர் திரையிலும் தெரியும். பிள்ளைகள் அதற்குப் 'பலகை' என்று பெயர் வைத்தார்கள்.

கணினிகளை மேசையோடு கட்டிப் போடவில்லை என்பதுதான் அவர்களைச் சொக்க வைத்தது. தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனார்கள். சமையல்கட்டுச் சுவர் வரைக்கும் போனார்கள். சவுக்கு மரத்தடியில் உட்கார்ந்தால் சிக்னல் கிடைக்கிறதா என்று பார்த்தார்கள். கிடைத்தது. எங்கிருந்தெல்லாமோ பலகைக்குச் செய்தி வந்தது.

'இன்னைக்கும் பயறுதான்.'

'மஞ்சு எறங்குது. துணி காயப் போட்டவங்க எடுத்துக்கங்க.'

'டீச்சர் செருப்பு அந்துருச்சு. யாரும் சிரிக்காதீங்க.'

ஒருநாள் மதியம் சவுக்கு மரத்தடியிலிருந்து ஒரு வரி வந்தது: 'ஆனை நிக்குது. புல்லுமேட்டுல. குட்டியும் இருக்கு.' எழுதியவள் ஆறாம் வகுப்புப் பெண், வகுப்பிலேயே உயரமானவள். எழுதிவிட்டு, கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு சத்தமில்லாமல் உள்ளே நடந்து வந்தாள். டீச்சர் வெளியே இருந்த மற்றவர்களைப் பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடவில்லை. பலகையில் 'உள்ளே வாங்க' என்று மட்டும் எழுதினார். எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். யானைகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் மேய்ந்துவிட்டுப் போயின. அன்று அந்தப் பெண்ணுக்கு எல்லோரும் தங்கள் பங்கு முட்டையைக் கொடுக்கப் பார்த்தார்கள். அவள் ஒன்றைத்தான் வாங்கிக்கொண்டாள்.

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், அடுத்த வருடம் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்ற பேச்சு தொடங்கியது. அப்போதுதான் டீச்சர் பெற்றோரை அழைக்க முடிவு செய்தார். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து வருகிறவர்கள் பள்ளியைத் தாண்டித்தான் லயங்களுக்குப் போக வேண்டும். அப்படியே உள்ளே கூப்பிட்டுக் காட்டிவிடலாம்.

நான் பலகையைக் காட்டலாம் என்றேன். யானை வந்த அன்று எழுதியது, மழை பார்த்து எழுதியது, சமையல் அக்காவிடம் கேட்டு எழுதியது எல்லாம் அதில் இருந்தன.

"அதெல்லாம் தமிழ்ல இருக்கு தங்கச்சி," என்றார் டீச்சர். "தமிழு அவங்களுக்கே தெரியுமே. அதுல என்னா அதிசயம்? இங்கிலீசு வேணும்னுதான டவுனப் பாக்குறாங்க. அந்த இங்கிலீசு இங்கயே கெடைக்குதுன்னு காட்டிட்டா, ஏன் போகப் போறாங்க?"

"அதுவுஞ் சரிதானுங்க," என்றேன். சரியாகத்தான் பட்டது.

அந்த வாரம் முழுக்க டீச்சர் பாடமெடுத்த பிறகும் இருந்து சொல்லிக் கொடுத்தார். கணினியில் இருந்த உச்சரிப்புப் பயிற்சியைப் போட்டுவிட்டு, பிள்ளைகளோடு சேர்ந்து அவரும் திருப்பிச் சொன்னார். அவருக்கே சில சொற்கள் வரவில்லை. பிள்ளைகள் திருத்தினார்கள். அப்போது மட்டும் அவர் கொஞ்சம் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அறை கொள்ளாமல் ஆட்கள் வந்தார்கள். வெள்ளை முக்காடு இன்னும் தலையில் இருக்க, பெண்கள் சின்ன பெஞ்சுகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்த உயரமான பெண் முன்னால் வந்து நின்றாள். படங்களை ஒவ்வொன்றாக மாற்றி, தேயிலை எப்படிக் கொழுந்திலிருந்து தூளாகிறது என்று இங்கிலீஷில் சொன்னாள். ஓரிடத்திலும் நிற்கவில்லை.

"யேசுவே, இது நம்ம லயத்துப் பிள்ளையா?"

"தொர மகளாட்டம் பேசுதேடி!"

"அவங்கப்பனுக்குக் குடிச்சாத்தான் இங்கிலீசு வரும். இதுக்குச் சும்மாவே வருது."

அறை முழுக்கச் சிரித்தது. அவளுடைய அப்பாவும் சிரித்தார். அவளுடைய அம்மா மட்டும் சிரிக்கவில்லை, முக்காட்டு நுனியை வாயில் வைத்துக்கொண்டு மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போன பிறகு டீச்சர் பெஞ்சுகளை நேராகப் போட்டபடியே என்னிடம் சொன்னார்: "வகுப்பு கெடைச்சிருச்சு தங்கச்சி. இனிப் போக மாட்டாங்க."

வாரம் முடிவதற்குள் ஜீப் பேசிவிட்டார்கள்.

அந்த மலையில் ஒரு பிள்ளை மட்டும் தனியாக டவுன் பள்ளிக்குப் போக முடியாது. பஸ் வரும் சாலைக்கே காட்டுப் பாதையில் இறங்க வேண்டும், யானை பயம் வேறு. ஜீப்தான் வழி. ஜீப்காரரோ வண்டி நிறைந்தால்தான் எடுப்பார். அதனால் ஒரு லயம் பிள்ளைகளைப் பள்ளி மாற்றுவதென்றால் மொத்தமாகத்தான் மாற்றும், இல்லாவிட்டால் ஒருவரும் போவதில்லை. முந்தைய வருடங்களிலும் பேச்சு வந்திருக்கிறது. பாதிப் பேர், 'நம்ம பிள்ளைக்கு இங்கிலீசு எங்க வரப் போகுது' என்று பின்வாங்கியதால் ஜீப் நிறையவில்லை. அந்தத் தயக்கம்தான் இத்தனை காலமும் தமிழ் வகுப்பைக் காப்பாற்றி வந்திருக்கிறது. டீச்சருக்கோ எனக்கோ இது தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தயக்கம் போய்விட்டது.

ஒரே ஒரு வீடு மட்டும் சேரவில்லை, அந்த உயரமான பெண்ணின் வீடு. அவள் போக மாட்டேன் என்று அழுதாளாம். அம்மா இருக்கட்டும் என்று விட்டுவிட்டாராம். ஜீப் ஒரு பிள்ளை குறைந்து நின்றது.

சாயங்காலம் டீச்சரோடு நானும் லயத்துக்குப் போனேன். குழாயடியில் நின்ற பெண் ஒருத்தி எங்களைப் பார்த்ததும் குடத்தை இறக்கி வைத்தாள்.

"என்னா டீச்சரே, எங்க ஜீப்பப் பஞ்சராக்க வந்தீங்களா?"

"இல்லக்கா. சும்மா பாத்துட்டுப் போக."

"கம்ப்யூட்டரக் கொண்டாந்த பிள்ளையையும்ல கூட்டிட்டு வந்திருக்கீங்க. ஜீப்ப ரிப்பேர் பாக்கவா?"

குழாயடி சிரித்தது. டீச்சரும் சிரிக்க முயன்றார்.

அந்த உயரமான பெண்ணின் அம்மா எங்களை உட்கார வைத்துப் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தார். மகள் உள்ளறைக் கதவோரம் நின்றாள். டீச்சர் கேட்க வந்ததைக் கேட்டார். அவளை மட்டும் இங்கேயே விட்டுவைக்கச் சொன்னார். அவள் நின்றால் ஜீப் நிற்கும், ஜீப் நின்றால் வகுப்பு பிழைக்கும் என்றார்.

அம்மா டீச்சருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"எனக்கும் அனுப்ப மனசில்லதான் டீச்சரே. இவ அழுதது எனக்கு ஆகல. ஆனா நாளைக்கு மலையில அவளுக பக்கத்துலதான் நான் நெரை புடிச்சுக் கொழுந்தெடுக்கணும். 'ஓம் பிள்ளையால எம் பிள்ள கெட்டுச்சு'ன்னு காலம் பூரா கேக்கணும். சரி, அதக்கூடத் தாங்கிக்கலாம்." மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீங்கதான டீச்சரே அன்னைக்கு இவள இங்கிலீசுல பேச வச்சீங்க? இவளுக்கு வரும்னு எனக்கு அன்னைக்குத்தான் தெரிஞ்சுச்சு. தெரிஞ்ச பெறகு நானே எப்படித் தடுப்பேன்?"

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார். புறப்பட எழுந்தார். வெளியே வரும்போது அந்தப் பெண்ணின் தலையைத் தொட்டு, "நல்லாப் படி, என்ன?" என்றார். திரும்பும் வழியில் பள்ளி வாசலைத் தாண்டினோம். டீச்சர் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்.

7. ஜூனில் அவளும் ஜீப்பில் ஏறினாள்.

தமிழ் வகுப்புகளுக்கு டிவிஷன் கிடைக்கவில்லை. வேறு லயங்களிலிருந்து வந்துகொண்டிருந்த சிலரை மலையாள வகுப்பில் உட்கார வைத்தார்கள். பயன்படாமல் கிடக்கும் கணினிகளை வேறு பள்ளிக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது. பொருத்தியவளே கழற்றவும் போனேன்.

டீச்சரும் வந்திருந்தார். அவர் இப்போது சின்னக்கானலில் ஒரு ரிசார்ட்டின் வரவேற்பு மேசையில் இருக்கிறார். அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு, கணினிகளைத் துடைத்து உறையில் போட எனக்கு உதவினார். வைஃபை பெட்டியை அணைப்பதற்கு முன் பலகையைக் கடைசியாக ஒருமுறை திறந்தோம். மார்ச் மாதம் யாரோ எழுதிய வரி அடியில் இருந்தது: 'எம் பச்சக் கொடைய யாரு எடுத்தா?' அதற்கு யாரும் பதில் எழுதியிருக்கவில்லை.

"யாருங்க எடுத்தாங்க டீச்சர்?" என்றேன்.

"யாரும் எடுக்கல. ஜன்னல்லதான் தொங்குச்சு. நாந்தான் கொண்டுபோய்க் குடுத்தேன்." ஒரு கணினியை உறைக்குள் தள்ளியபடி, "அத அதுல எழுதாம விட்டுட்டேன்," என்றார்.

இயந்திரங்களை வேறு பள்ளிக்குக் கொடுக்கும்போது எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். பலகையைப் பென்டிரைவில் பதிந்து டீச்சரிடம் நீட்டினேன்.

"ரிசார்ட்டு கம்ப்யூட்டர்ல இதெல்லாம் போட விட மாட்டாங்க," என்றார். ஆனாலும் வாங்கிப் பர்ஸில் வைத்துக்கொண்டார்.

அடுத்த முறை பக்கத்து எஸ்டேட்டில் வேலையாகப் போனபோது, அந்தப் பெண்ணின் அம்மாவைச் சாலையோரத்தில் பார்த்தேன். மகளை டவுன் பள்ளியில் ஒரு வகுப்பு இறக்கிப் போட்டார்களாம். கம்ப்யூட்டர் அறை இருக்கிறதாம், வாரத்தில் ஒரு பீரியட், இரண்டு பேருக்கு ஒன்று.

"அங்க பேசவே மாட்டேங்குறாளாம். மிஸ்ஸு சொல்லி விட்டாங்க. பழகிரும்ல?" என்று என்னிடம் கேட்டார்.

"பழகிருமுங்க," என்றேன்.

இப்போதைய நிலை இது. மடிக்கணினிகள் மலைக்குக் கீழே ஒரு பள்ளியில் இருக்கின்றன, எல்லாம் வேலை செய்கின்றன. தமிழ் வகுப்பு நடந்த அறையில் மதிய உணவு அரிசியை அடுக்கியிருக்கிறார்கள். டீச்சர் ரிசார்ட்டிலிருந்து வீட்டுக்கு நடக்கும் வழி மாறவில்லை. ஜீப் தினமும் காலையில் நிறைந்து போகிறது.