எஸ்தர் கழுவிய குழாய்

எஸ்தர் காய்ச்சலில் போய்விட்டாள் என்ற செய்தியைக் கருங்கல் சந்தையிலிருந்து திரும்பிய மீன்காரிதான் கொண்டுவந்தாள். வாங்கிய மீனை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. மூன்று நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. இதை எழுதுவதும் நின்றுகொண்டுதான்.

நம் ஆஸ்பத்திரியில் நான் வார்டு நர்ஸ், அவள் சோதனை அறையில். "கழுவாத குழாய் எஸ்தர்" என்று அவளைக் கேலி செய்தவர்களும் இதை வாசிப்பீர்கள். உங்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முட்டத்திலிருந்து பிலோமினா மூன்றாவது பிள்ளையோடு வந்திருந்தாள். முதல் இரண்டும் பால் குடித்துக் கக்கி, மஞ்சள் பூத்துச் செத்தவை. இதுவும் கக்கியது. பாலிலுள்ள சர்க்கரையைப் பிள்ளையின் உடம்பு ஏற்கவில்லையோ என்று எஸ்தருக்குச் சந்தேகம். மூத்திரத்தைச் சோதனைக் குழாயில் நீல மருந்தோடு காய்ச்சினால், சர்க்கரை இருந்தால் செங்கல் நிறமாகும். இந்தப் பிள்ளைக்கு அப்படித்தான் ஆனது. ஒரு நாள் பாலை நிறுத்திக் கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்து, நீலம் நீலமாகவே நின்றுவிட்டால் பால்தான் எமன். டாக்டரிடம் மன்றாடி அந்த ஒரு நாளை வாங்கினாள்.

மத்தியானம் பிள்ளை வீரிட்டது. பிலோமினாவின் சட்டை பாலில் நனைந்து ஒட்டிக் கிடந்தது. சேலையை இழுத்து மூடிப் பிள்ளையை மார்போடு சேர்த்தாள். நான் பார்த்தேன். பாவமாக இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் குழாயில் செங்கல் நிறம். அப்படியானால் பாலில் குற்றமில்லை, நாளை முதல் கொடுக்கலாம் என்றார் டாக்டர். எஸ்தர் வராந்தாவில் நடையாய் நடந்தாள். மருந்து கொதிக்கிற நேரத்தில்கூட நிற்காதவள் அவள். திடீரென்று என் முன்னால் வந்து நின்றாள்.

"ஏட்டி, அவ பால் குடுத்தாளா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "குடுத்தா. நான் பாத்தேன்."

ஏசுவாள் என்று நினைத்தேன். நேரே டாக்டரிடம் போய், "குழாயச் சரியாக் கழுவல்ல டாக்டரே. என் தப்பு. இன்னொரு நாள் தாருங்க" என்றாள்.

"எதுக்குட்டி அப்பிடிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"உள்ளதச் சொன்னா அவள வெளிய அனுப்பிருவாரு. பிள்ளைக்கு ஒரு நாள் வேணும்லா."

மறுநாள் முழுக்கப் பிலோமினாவின் பக்கத்திலேயே இருந்து, கட்டிய பாலைப் பீய்ச்சிவிட உதவினாள். எஸ்தர் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். சாயங்காலம் குழாய் நீலமாகவே நின்றது. கஞ்சியில் வளர்ந்த அந்தப் பயல் இன்று முட்டத்துக் கடற்கரையில் ஓடுகிறான்.

அதன்பின் எஸ்தரின் ஒவ்வொரு சோதனையையும் டாக்டர் இரண்டு முறை செய்யச் சொன்னார். கேலிப் பெயரும் ஒட்டிக்கொண்டது. சொல்லிவிடட்டுமா என்று நான் கேட்கும்போதெல்லாம், "விடுட்டி, ரெண்டு தடவ பாத்தா பிள்ளையளுக்கு நல்லதுதானே" என்பாள். சொன்னால் என் வேலை போய்விடும் என்ற பயம் எனக்கு. விட்டுவிட்டேன்.

அவளிடமிருந்து எனக்கென்று வந்திருப்பது அந்தத் தப்பு ஒன்றுதான். அது என்னுடையது, இத்தனை வருஷம் அவள் வைத்திருந்தாள். இனி நானே வைத்துக்கொள்கிறேன். அன்றைக்கு அந்தக் குழாய் சுத்தமாகத்தான் இருந்தது.