தண்டு ஒன்று

கிள்ளான் ரயில்வே சரக்குக் கொட்டகையில் குமாஸ்தாவாக இருந்த இராமலிங்கத்திடம் ஒரு சொல்லுக்கு அர்த்தம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் வேர், கிளை, இலை வரை சொல்லித்தான் விடுவார். ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த கோட்டர்ஸில் அவருக்கு 'அகராதி' என்று பெயர். கிண்டல்தான். அவரோ அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

1943-இல் மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பான்காரர்கள் கடைகளிலும் கோயில்களிலும் இருந்த உலோகச் சாமான்களுக்குப் பட்டியல் கேட்டார்கள். தண்டவாளத்தை ஒட்டியிருந்த முருகன் கோயிலைப் பார்த்துக்கொண்டவன் வாசு. இராமலிங்கத்தின் மனைவி நல்லம்மாளுக்குத் தம்பி. கொட்டகையில் மூட்டை தூக்குகிறவன். தன் பெயரை எழுத மட்டும் தெரியும். பட்டியலை மாமா எழுதினார், வாசு கையெழுத்துப் போட்டான்.

குடம், விளக்கு, மணி எல்லாம் ஒழுங்காக வந்தன. முருகன் கையில் சாத்தும் பித்தளைப் பூண் போட்ட தடிக்கு வந்ததும் பேனா நின்றது. தண்டாயுதம் என்று எழுதலாம். ஆயுதம் என்ற சொல் ஜப்பான்காரன் காதில் விழுந்தால் வம்பு. தடி என்று எழுதலாம். சாமி கையில் இருப்பதைப் போய்த் தடி என்பதா? பழைய சொல் ஒன்று இருக்கவே இருக்கிறது. "தண்டு ஒன்று. உள்ளே இருக்கிறது. திருவிழாவுக்கு மட்டும் வெளியே வரும்" என்று எழுதி, தானே ஒருமுறை படித்து மெச்சிக்கொண்டார்.

ஒரு வாரத்தில் வாசுவை ராணுவ முகாமுக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். கோயில் தரையைத் தோண்டிப் பார்த்தார்கள். பட்டியலைப் பற்றித்தான் விசாரணை என்று மட்டும் தெரிந்தது.

"எழுதினது நீங்க. நீங்களே போய்ச் சொல்லுங்க," என்றாள் நல்லம்மாள்.

இரண்டு நாள் அவர் போகவில்லை. காய்ச்சல் என்றார். காய்ச்சலாவது, மண்ணாவது, பயம். அந்த முகாமுக்குள் போனவர்கள் எல்லாரும் திரும்பி வந்ததில்லை என்பதும் உண்மைதான். மூன்றாம் நாள் காலை, தடியை ஒரு வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முகாமில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தவன் ராதாகிருஷ்ணன், பெங்களூர்க்காரன். பக்கத்து நாற்காலியில் அதிகாரி.

"நீங்கதான் எழுதினீங்களா? எங்க ஊர்ல பட்டாளம் இருக்குற இடத்துக்குப் பேரே தண்டுதான். பட்டாளம் ஒண்ணு உள்ளே இருக்கு, திருவிழாவுக்கு வெளியே வரும்னு எழுதியிருக்கீங்க. நான் வேற என்னன்னு சொல்றது?" என்றான் ராதாகிருஷ்ணன்.

இராமலிங்கம் வேட்டியைப் பிரித்துத் தடியை மேஜைமேல் வைத்தார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

"ஐயா, தண்டுன்னா முதல்ல செடியோட தண்டு. கீரைத்தண்டு, வாழைத்தண்டு. அப்புறம் அது மாதிரி இருக்குற கம்பு. கம்பால அடிக்க ஆரம்பிச்சதும் ஆயுதம். ஆயுதம் பிடிச்சவங்க நாலு பேர் சேர்ந்தா படை. அப்படிப் பார்த்தா நீங்க சொல்றதும் சரி..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது.

அதிகாரி ராதாகிருஷ்ணனிடம் ஏதோ கேட்டான். ராதாகிருஷ்ணன் இராமலிங்கத்தை ஒரு பார்வை பார்த்தான். பிறகு தடியைச் சுட்டிக்காட்டி ஜப்பானிய மொழியில் ஒரே ஒரு சொல் சொன்னான். அதிகாரி தடியை எடுத்து மேஜையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்து, பூணை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டான்.

சாயங்காலம் வாசுவை விட்டார்கள். வலது கை விரல்கள் மடங்காமல் வீங்கியிருந்தன. பாசார்க் கடைகளைத் தாண்டி இருவரும் வீட்டுப் பக்கம் நடந்தார்கள்.

"என்னடா கேட்டாங்க?" என்றார் இராமலிங்கம்.

"மூணு நாளும் ஒண்ணேதான் மாமா. தண்டுன்னா என்ன, தண்டுன்னா என்னன்னு. எனக்கு எங்க தெரியும்? எங்க மாமாவைக் கேளுங்கன்னா உங்களையும் தூக்கிட்டு வந்துருவாங்க. அதான் வாயே திறக்கல."