நாலு வேட்டியும் ஒரு பின்னல் பையும்

போன வருஷம் மழைக்காலத்தில் கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்தபோது அது என் கை போலவே இல்லை. விரல்கள் ஐந்தும் சேர்ந்தே மடங்கின, சேர்ந்தே நீண்டன. தனித்தனியாக எதையும் செய்ய மறுத்தன. சட்டைப் பொத்தானைக்கூட மனைவிதான் போட்டுவிட வேண்டியிருந்தது. பிசியோதெரபி செய்த பெண் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து காலையும் மாலையும் பிசையச் சொன்னாள். மூன்றாம் நாளே எனக்கு அலுத்துவிட்டது. பந்து தொலைந்துவிட்டது என்று அவளிடம் பொய் சொன்னேன்.

அவள் நம்பவில்லை. "பந்து தன்னே வேணும்னு இல்ல சாரே. விரலுக்கு வேலை இருந்தா மதி, அது போதும். சப்பாத்திக்குக் குழைக்கலாம், பின்னல் பின்னலாம். வீட்ல யாருக்காவது பின்னத் தெரியுமோ?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டாள்.

தெரியும். என் மனைவி பிறந்து வளர்ந்தது குன்னூரில். அவள் படித்த பள்ளியில் ஸ்வெட்டர் பின்னுவது ஒரு பாடமாகவே இருந்தது. கல்யாணமாகி, மலையாளம் பேசும் இந்தக் கரமனைக்கு வந்தவள், மின்விசிறிக்கு அடியில் வியர்க்க வியர்க்க உட்கார்ந்து கம்பளி பின்னுவதில் அர்த்தமில்லை என்று ஊசிகளைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டாள். இங்கே ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாகச் சேர்ந்து, இன்றைக்கும் அந்த வேலையில்தான் இருக்கிறாள். அன்று சாயங்காலம் பரணிலிருந்து இரண்டு அலுமினிய ஊசிகளை எடுத்துத் துடைத்துக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"இருபது கண்ணி போட்டுத் தரேன். பின்னப் பின்ன அந்த இருபதும் இருபதாவே இருக்கணும். அவ்ளோதான் பரீட்சை," என்றாள். ஊசியில் ஏறும் ஒவ்வொரு வளையத்துக்கும் பெயர் கண்ணி.

ஒரு வாரம் பின்னினேன். கீழே ஒரு சாண் அகலத்தில் தொடங்கிய துண்டு மேலே போகப் போக விரிந்து முறம் மாதிரி ஆகிவிட்டது. மனைவி கண்ணிகளை எண்ணிப் பார்த்தாள். முப்பத்தொன்று.

"இதென்னது, கண்ணி குட்டி போட்டிருக்கே!" என்று சொல்லிச் சிரித்தவள், சிரிப்பை அடக்க முடியாமல் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று காலை சட்டையில் இரண்டு பொத்தான்களை நானே போட்டிருந்தேன். அதை அவளிடம் சொன்னபோது சிரிப்பை நிறுத்தி என் கையை எடுத்து விரல் விரலாக மடக்கிப் பார்த்தாள்.

கம்பளி நூல் கையில் ஒட்டுகிறது என்பதால் சாலைக் கடைத்தெருவில் தடித்த பருத்தி நூல் வாங்கி வந்தோம். கடைக்காரரிடம் வெள்ளை மட்டும்தான் இருந்தது. காய்கறி வாங்கப் போகும்போது கொண்டுபோக ஒரு பை பின்னலாம் என்று எனக்கு ஆசை. வெள்ளைப் பை ஒரு வாரம் தாங்காது. என்ன செய்யலாம் என்று அடுப்படியில் நின்று யோசித்துக்கொண்டிருந்தபோது குடிதண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. இந்த ஊரில் எல்லா வீட்டிலும் செய்வதுபோல எங்கள் வீட்டிலும் பதிமுகக் கட்டைச் சீவலைப் போட்டுத்தான் தண்ணீர் காய்ச்சுவோம். தண்ணீர் ரோஜா நிறத்தில் இருக்கும். முப்பது வருஷமாக அதைக் குடிக்கிறேன். அது ஒரு சாயம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

மனைவியிடம் சொன்னேன். அவளுடைய முகத்தில் ஆசிரியைக் களை வந்துவிட்டது. நாலைந்து கைப்பிடி சீவலைப் போட்டுத் தண்ணீர் ரத்தம்போல ஆகும்வரை கொதிக்கவைத்தாள். நூலைப் படிகாரத் தண்ணீரில் ஊறப்போட்டாள். நிறம் பிடித்துக்கொள்ள அது வேண்டுமாம். பிறகு சாயத்தை மூன்று கிண்ணங்களில் ஊற்றி, ஒன்றை அப்படியே விட்டாள். ஒன்றில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தாள். இன்னொன்றில் வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு துளி கலக்கினாள். என் கண்முன்னே ஒரு கிண்ணம் ஆரஞ்சு நிறமானது, இன்னொன்று ஊதாவானது.

"புளிப்பைக் கண்டா மஞ்சளுக்குப் போகும், காரத்தைக் கண்டா ஊதாவுக்குப் போகும். எட்டாங்கிளாஸ் பாடமாக்கும் இது," என்றாள். நான் எட்டாம் வகுப்பில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று நினைவில்லை. வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன்.

மறுநாள் அவள் பள்ளிக்குப் போனதும் மீதி நூலையெல்லாம் நானே முக்கினேன். தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசச் சொல்லியிருந்தாள். மூன்று அலசலுக்கு மேல் என் மணிக்கட்டு கேட்கவில்லை. இது போதும் என்று மொட்டைமாடிக் கொடியில் நூல் கற்றைகளைக் காயப்போட்டுவிட்டு அலுவலகம் போனேன். மத்தியானம் மழை அடித்தது.

அடுத்த வீட்டு மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. அவர் மாடிக்கும் எங்கள் மாடிக்கும் நடுவில் இடுப்பளவு கைப்பிடிச் சுவர்தான். பதிவுத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி காலமான பிறகு தனியாக இருக்கிறார். வேட்டி வெளுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. தானே துவைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டு, உதறி உலர்த்துவார். கோயிலுக்கு அவர் நடந்துபோனால் வேட்டி முன்னால் போகும், அவர் பின்னால் போவார் என்று தெருவில் வேடிக்கையாகச் சொல்வார்கள்.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழையும்போதே மாடியிலிருந்து அவர் குரல் கேட்டது. "கொஞ்சம் மேல வரயா? உன் ஆத்துக்காரியையும் கூட்டிண்டு வா."

போனோம். கைப்பிடிச் சுவரின்மேல் நாலு வேட்டிகளை விரித்து வைத்திருந்தார். காற்றில் என் நூல் கற்றைகள் அவருடைய கொடிக்குப் பறந்து போயிருக்கின்றன. மழையில் சாயம் இறங்கிவிட்டது. ஆனால் கறை ரோஜா நிறத்தில் இல்லை. ஊதாவாக இருந்தது.

"முதல்ல சிவப்பாத்தான் இருந்தது. நல்லா சோப்புப் போட்டுத் தேய்ச்சேன். தேய்க்கத் தேய்க்க ஊதாவாறது! என்னவாக்கும் இது, ஏதாவது மருந்தா? என் கைக்கு ஏதாவது ஆயிடுமா?" என்றார். கோபத்தைவிடக் கலவரம்தான் அதிகம் தெரிந்தது. அவர் இரண்டு கைகளையும் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மனைவி சொன்னாள்: "ஒண்ணும் ஆகாது மாமா. நாம குடிக்கிற பதிமுகந்தான். சோப்பு காரமோன்னோ, அதான் மாறிடுத்து." கீழே ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழ மூடியைக் கொண்டுவந்து ஒரு கறைமேல் தேய்த்தாள். ஊதா அவர் கண்ணெதிரே ஆரஞ்சாக மாறியது. மாமா குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மறுபடி குனிந்து, மூடியை அவளிடமிருந்து வாங்கி, அடுத்த கறையைத் தானே தேய்த்தார்.

"கொள்ளாமே!" என்றார் மலையாளத்தில், நன்றாக இருக்கிறதே என்று.

புது வேட்டி நாலு வாங்கித் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினார். "புதுசு உடம்போட ஒட்ட ஒரு வருஷமாகும். இது பழகின துணி. ஆனா புள்ளி புள்ளியா எப்படிக் கட்டிக்கறது? சிறுத்தைப்புலி மாதிரி இருக்கும்."

"முழுசா அதே நிறத்துல முக்கிட்டா?" என்று கேட்டாள் மனைவி.

அவர் ஒரு வேட்டியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒண்ணு மாத்திரம் பார்ப்போம்," என்றார் கடைசியில்.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கொல்லையில் பெரிய அண்டாவில் சாயம் காய்ச்சினோம். மாமா எட்டு மணிக்கே வந்துவிட்டார். நான் வேட்டியை எடுத்து நேராகச் சாயத்துக்குள் போடப் போனேன். "ஏய் ஏய், நில்லு!" என்று கையைப் பிடித்துக்கொண்டார். "உலர்ந்த துணியைப் போட்டா திட்டுத் திட்டாப் பிடிக்கும். முதல்ல தண்ணில நனை. பிழி. உதறு. அப்பறம் போடு. போட்டப்பறம் கையை நிறுத்தப்படாது, கிண்டிண்டே இருக்கணும். நீலம் போட்டிருக்கியோ ஜன்மத்துல?"

நான் போட்டதில்லை. அவர் நாற்பது வருஷமாகப் போடுகிறார். என்னிடமிருந்து கழியை வாங்கிக்கொண்டு அவரே கிண்டத் தொடங்கினார். நான் விறகைத் தள்ளினேன். மனைவி படிகாரம் எவ்வளவு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துக்கொண்டாள். வேட்டி வெளியே வந்தபோது எங்கும் ஒரு கோடு இல்லை, ஒரு திட்டு இல்லை. மருதாணி சிவந்த கைபோல ஒரே சீரான நிறம். மூவரும் அதைக் கொடியில் விரித்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு நின்றோம்.

"மத்த மூணையும் கொண்டு வரட்டுமா?" என்றார் மாமா.

ஒன்று ஊதாவாயிற்று, ஒன்று ஆரஞ்சு. நாலாவதைப் பாதி சிவப்பு, பாதி ஊதாவாக முக்கிப் பார்க்கலாம் என்றது அவர் யோசனைதான். அது அவ்வளவு நன்றாக வரவில்லை. நடுவில் பழுப்பாக ஒரு பட்டை விழுந்துவிட்டது. அவருக்கு அதில் வருத்தமில்லை. கோயிலுக்கு இன்னும் வெள்ளைதான். ஆனால் சாயங்காலம் ஆற்றங்கரைப் பக்கம் நடக்கப் போகும்போது சிவப்பைக் கட்டிக்கொண்டு போனார். வழியில் இரண்டு பேர் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டார்களாம். அதைச் சொல்வதற்காக அன்றிரவு எங்கள் வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் என் பை வளர்ந்துகொண்டிருந்தது. கண்ணிகள் குட்டி போடுவதை நிறுத்திவிட்டன. சிவப்பில் ஒரு பட்டை, ஊதாவில் ஒரு பட்டை, ஆரஞ்சில் ஒரு பட்டை. முடிந்த அன்று அதைத் தோளில் மாட்டிக்கொண்டு சந்தைக்குப் போய் இரண்டு கிலோ மரச்சீனிக் கிழங்கு, அதாவது மரவள்ளி, வாங்கினேன். வீட்டுக்கு வருவதற்குள் பை நீண்டு நீண்டு முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது. நடக்கும்போது கிழங்கு கால் எலும்பில் இடித்தது. வாசலில் நின்று பார்த்த மனைவி, "யானைத் துதிக்கை மாதிரின்னா தொங்கறது," என்றாள்.

அவளுடன் வேலை பார்க்கும் ஒருவர் மூலமாக ஒரு கூட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருந்தோம். மாதம் ஒருமுறை ஒரு வாசகசாலையின் பின்னறையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுவார்கள். அவரவர் செய்து முடித்ததைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துக் காட்ட வேண்டும். அதைச் செய்யும்போது எங்கே சொதப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். அது அங்கே கட்டாயம். ஆண் யாரும் வருவதில்லை என்பதால் எனக்குத் தயக்கம். மாமாவும் வருகிறேன் என்றதும் தைரியம் வந்தது. மூவரும் பஸ்ஸில் போனோம். அவர் சிவப்பு வேட்டியை இஸ்திரிப் பெட்டி போட்டுக் கட்டியிருந்தார்.

ஒருவர் குழந்தைக்குப் பின்னிய தொப்பியை வைத்தார். அது குழந்தைக்குப் பெரிதாகித் தாத்தாவுக்குச் சரியாக இருந்ததாம். ஒருவர் பழைய பனியன்களைக் கீறிப் பின்னிய கால்மிதியை வைத்தார். என் முறை வந்தது. மலையாளத்தில் தொடங்கி, பாதியில் தமிழுக்கு வந்து, மரச்சீனிக் கதையைச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். சாயக் கதையை நான் சொல்ல மாமா விடவில்லை. எழுந்து நின்று, எலுமிச்சம்பழம் உட்பட எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவருடைய வேட்டியின் கரையைத் தொட்டுப் பார்த்தார்கள். அவர் வேட்டி நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "கஞ்சி மாத்திரம் நான் போட்டது," என்று எல்லோரிடமும் சொன்னார்.

அங்கே வந்திருந்தவர்களில் ஒரு பெண்ணுக்கு விழிஞ்ஞத்தில் வீடு. கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள், அதனால் எங்களோடு தமிழில் பேசினாள். அவளுடைய கணவர் மீன்வலை பழுதுபார்ப்பவர். அவளும் வலை நூலில் பாத்திரம் தேய்க்கும் நார், செடித் தொட்டிக்கு உறி என்று ஏதேதோ செய்து கொண்டுவந்திருந்தாள். என் பையை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்தாள்.

"சார், இதுல முடிச்சே இல்லல்லா? பின்ன நீளாம என்ன செய்யும்? எங்க வலையில கண்ணிக்குக் கண்ணி முடிச்சு உண்டு. அதுனாலதான் அத்தனை பாரம் தாங்குது."

"அப்போ நான் இதைப் பிரிச்சுடணுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, எதுக்குப் பிரிக்கணும்? நல்ல நிறமாட்டு இருக்கு. வாயிலயும் தோள்வார்லயும் மட்டும் முடிச்சு போடுங்க. அடியில ஒரு துணி வெச்சுத் தைங்க. போதும்." அங்கேயே தன் பையிலிருந்து வலை ஊசியை எடுத்து என் நூலில் நாலு முடிச்சுப் போட்டுக் காட்டினாள். நானும் போட்டேன். என்னுடையது இரண்டு தரம் அவிழ்ந்தது, மூன்றாவது தரம் நின்றது. மனைவி எட்டிப் பார்த்து, தனக்கும் ஒன்று போடக் கற்றுத்தரச் சொன்னாள்.

வார்களைப் பிரித்து முடிச்சுப் போட்டுப் பின்ன இரண்டு வாரம் ஆனது. உள்ளே பழைய தலையணை உறை ஒன்றைக் கிழித்து வைத்துத் தைத்தேன். இப்போது அதில் தேங்காய்கூட வாங்கி வருகிறேன். கொஞ்சம் தொங்குகிறது, ஆனால் இடுப்போடு நின்றுவிடுகிறது. அடுத்த கூட்டத்தில் இரண்டு பேர் அதன் செய்முறையைக் கேட்டார்கள். ஒரு வெள்ளைத் தாளில் எழுதத் தொடங்கியிருக்கிறேன், ஒரு பக்கம் தமிழில், மறுபக்கம் மலையாளத்தில். பதினெட்டாம் வரிசை வரை வந்துவிட்டேன். என் எழுத்து இன்னும் கொஞ்சம் சாய்வாகத்தான் விழுகிறது. மனைவி பக்கத்தில் உட்கார்ந்து பிழை திருத்துகிறாள். மாமா எதிரில் உட்கார்ந்து, படம் போட்டால் இன்னும் தெளிவாக இருக்கும் என்கிறார்.